வாகனத்தில் மெட்டல் டிடெக்டர் பாதுகாப்பு

மண்ணுக்கடியில் கிடக்கும் நாணயம், தங்கக் கட்டி, பழம்பொருள் ஆகியவற்றைத் தேட உதவும் மெட்டல் டிடெக்டரையும் அதன் துணைக்கருவிகளையும் வாகனத்தில் கெடாமலும் களவு போகாமலும் வைத்திருக்கும் முறை. இங்கிலாந்தின் உழவு நிலங்களிலும், அமெரிக்காவின் அரிசோனா, நெவாடா பாலைநிலங்களிலும், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத் தங்க வயல்களிலும் இந்தத் தேடல் பலருக்குப் பொழுதுபோக்கு, சிலருக்குப் பிழைப்பு. தேடும் இடம் வீட்டுக்குப் பக்கத்தில் அமைவது அரிது. அதனால் கருவி நிலத்தில் உழைக்கும் நேரத்தைவிட வண்டியில் கிடக்கும் நேரம் கூடுதலாக இருப்பதுண்டு. பல கருவிகளைக் கெடுப்பது மண் அல்ல, காரின் டிக்கிதான்.

கையில் எடுத்துச் செல்லும் டிடெக்டருக்கு கெர்ஹார்ட் ஃபிஷர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஆண்டு 1937. இரண்டாம் உலகப் போரில் போலந்து அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி வடிவமைத்த கண்ணிவெடி தேடும் கருவி 1942இல் எல் அலமெய்ன் போரில் பயன்பட்டது. அக்காலக் கருவிகள் கனமானவை. இன்றைய கருவி எடை குறைந்தது. ஆனால் நுட்பம் கூடியது. தேடு சுருள், தண்டு, கட்டுப்பாட்டுப் பெட்டி, பேட்டரி, ஹெட்போன் ஆகியவை அதன் உறுப்புகள். குழிக்குள் பொருளின் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் பின்பாயிண்டரும் தோண்டும் சிறு மண்வெட்டியும் கூடவே போகும். இவற்றில் மிகவும் நொய்மையானது சுருள். பரவலாகப் புழங்கும் தாழ் அதிர்வெண் வகைகளில், அலை அனுப்பும் கம்பிச் சுற்றும் வாங்கும் கம்பிச் சுற்றும் ஒன்றின் தாக்கம் மற்றொன்றில் ஏறாதபடி மிகச் சரியான இடத்தில் பொருத்தப்பட்டு எபாக்சிப் பசையால் இறுக்கப்பட்டிருக்கும். அந்த இடம் சற்றே பிசகினாலும் சமநிலை குலைந்து, வெறும் மண்ணிலும் கருவி ஒலியெழுப்பத் தொடங்கும்.

வாகனத்தில் இக்கருவிக்குப் பெரும் பகை வெப்பம். அரிசோனாவின் டெம்பி நகரில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, வெளிவெப்பம் 38 டிகிரி செல்சியஸை ஒட்டியோ தாண்டியோ இருந்த நாட்களில் நிறுத்தப்பட்ட கார்களை அளந்தது. வெயிலில் நின்றவற்றின் உட்காற்று ஒரு மணி நேரத்தில் சராசரியாக 47 டிகிரியை எட்டியது; டேஷ்போர்டு 69 டிகிரி, இருக்கை 51 டிகிரி. நிழலில் நின்ற கார்களில் உட்காற்று 38 டிகிரி அளவிலேயே நின்றது. டேஷ்போர்டு மட்டும் 48 டிகிரிக்குப் போனது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் போதும் என்ற நம்பிக்கையும் தவறு. கலிபோர்னியாவில் ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, உட்புறச் சூடு ஏறுவதில் 80 விழுக்காடு முதல் அரை மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. கண்ணாடி இடுக்கு அதைக் குறிப்பிடும்படி குறைப்பதில்லை. இரண்டு ஆய்வுகளும் காரில் விடப்படும் குழந்தைகளை எண்ணிச் செய்யப்பட்டவை. ஆனால் அந்த எண்கள் மின்னணுக் கருவிகளுக்கும் பொருந்தும்.

இந்தச் சூட்டில் முதலில் தளர்வது லித்தியம் அயான் பேட்டரி. சூட்டில், அதுவும் முழுதாக மின்னேற்றிய நிலையில் கிடந்தால், அதன் கொள்ளளவு திரும்பப் பெற முடியாதபடி குறையும். எனவே சில நாட்கள் வண்டியிலேயே இருக்கப்போகும் பேட்டரியைப் பாதியளவு மின்னேற்றத்தில் விடுவது நல்லது. கழற்றக்கூடியதாக இருந்தால் கையோடு எடுத்துச் செல்வது அதனினும் நல்லது. சூடேறியிருக்கும் பேட்டரியை உடனே சார்ஜரில் போடக்கூடாது. குளிர்நாடுகளில் நிலைமை வேறு: உறைநிலைக்குக் கீழே மின்னேற்றினால் எதிர்முனையில் லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி பழுதாகும்; ஆபத்தும் உண்டு. குளிர்காலக் காலையில் வண்டியின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் முன் உட்புறம் சூடாகும்வரை காத்திருக்க வேண்டும். உப்பிய பேட்டரியை வண்டியில் ஏற்றவே கூடாது. பழைய கருவிகளில் போடும் ஏஏ அல்கலைன் மின்கலங்கள் வேறு விதத்தில் கெடுக்கும். நாளடைவில் அவை பொட்டாசியம் ஹைட்ராக்சைடைக் கசியவிட்டு முனைகளை அரிக்கும். வீட்டுக்குத் திரும்பியதும் கழற்றி வைப்பதே தீர்வு.

எல்சிடி திரை சூட்டில் கறுத்துப்போவது பெரும்பாலும் தற்காலிகமே, ஆறியதும் தெளியும். சுருளின் ஓடும் உள்ளிருக்கும் பசையும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் வரும் விரிசல் அப்படித் திரும்பி வராது. சிடான் வகைக் காரின் மூடிய டிக்கியில் நேர் வெயில் படாது. பின்கதவுள்ள வண்டிகளில் சாமான் வைக்கும் இடமும் பயணிகள் இடமும் ஒன்றே. அங்கே தரையோடு வைத்து வெளிர்நிறத் துணியால் மூடுவதும், பனிக்கட்டி இல்லாத ஐஸ் பெட்டிக்குள் கட்டுப்பாட்டுப் பெட்டியை வைப்பதும் பலனளிக்கும். பனிக்கட்டி போட்டால் கருவியின் மேல் நீர் வியர்க்கும். அது புதிய தொல்லை.

அடுத்தது அதிர்வு. 1980இல் விக்டோரியாவின் கிங்கவர் அருகே 27 கிலோவுக்கும் மேல் எடையுள்ள ‘ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்’ தங்கக் கட்டியை வெளிக்கொணர்ந்தது ஒரு டிடெக்டர்தான். அது போன்ற இடங்களுக்குச் செல்லும் மண் சாலைகள் வரி வரியாக மேடுபள்ளம் விழுந்தவை. வண்டியில் உள்ள ஒவ்வொரு திருகையும் ஆட்டிப் பார்ப்பவை. தண்டிலிருந்து சுருளைக் கழற்றி, மெத்தென்ற பரப்பில் படுக்கை வாட்டில் வைத்து, மேலே எதையும் ஏற்றாமல் கொண்டுபோக வேண்டும். கேபிள் இணைப்புப் பகுதியில் முறுக்கோ கூர்மடிப்போ இருக்கக் கூடாது. மண்வெட்டிக்குத் தனி உறை வேண்டும். அதை வண்டிச் சட்டத்தோடு கட்டியும் வைக்க வேண்டும். திடீரென பிரேக் போடும்போது கட்டாத மண்வெட்டி பின்னாலிருந்து பறந்து வரும். கருவி நசுங்குவதைவிட அதுதான் பெரிய அபாயம்.

கடற்கரையில் தேடியவர்கள் சுருளையும் தண்டையும் நன்னீரில் கழுவித் துடைத்த பிறகே பையில் போட வேண்டும். நீர் புகாத கருவிகளிலும் மின்னேற்றும் முனைகள் உப்புக்கு இரையாகும். சுருளின் அடியுறையைக் கழற்றினால் உள்ளே மணல் சேர்ந்திருக்கும். அதில் இரும்புத் துகள் கலந்திருந்தால் பொய்யொலி எழும். ஈரப் பையை மூடிய டிக்கியில் இரவு முழுக்க விடுவது, வெயில் அளவுக்கே தீங்கு.

திருட்டைத் தடுக்கும் வழி, கருவி இருப்பதே வெளியில் தெரியாமல் செய்வதுதான். கழற்றிய தண்டு சாதாரண விளையாட்டுப் பையில் அடங்கும். நிறுவனச் சின்னம் பொறித்த பையும் கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரும் திருடனுக்குச் செய்தி சொல்கின்றன. வண்டியை நிறுத்திய பிறகு சாமான்களை டிக்கிக்கு மாற்றினால் பார்ப்பவர் பார்த்துவிடுவார். கிளம்பும்போதே மாற்றிவிட வேண்டும். வரிசை எண்ணையும் படங்களையும் வீட்டில் வைத்திருந்தால் காவல்துறையிடமும் காப்பீட்டாளரிடமும் பேச முடியும். வண்டிக் காப்பீடு உள்ளே இருக்கும் பொருளையும் காக்கும் என்று எண்ணிவிடாமல் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்ப்பது அவசியம்.

வண்டிக்குள் கருவி கிடக்கும் விதமே சட்டப் பிரச்சினையாவதும் உண்டு. அமெரிக்க தேசியப் பூங்காக்களில் டிடெக்டரைப் பயன்படுத்துவது மட்டுமல்ல, வைத்திருப்பதே தடை. பிரித்து, பயன்படுத்த முடியாதபடி கட்டி வைத்த கருவிக்கு மட்டும் விதி விலக்களிக்கிறது. பூங்கா வழியாகக் கடந்துபோகும் பயணி, சுருள் பூட்டிய கருவியைப் பின்னிருக்கையில் வைத்திருந்தால் குற்றம். கழற்றிப் பெட்டியில் வைத்திருந்தால் இல்லை. அயர்லாந்தின் 1987ஆம் ஆண்டுச் சட்டமும், பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்ன இடங்களில் அனுமதியின்றி டிடெக்டரை உடன் வைத்திருப்பதைத் தடைசெய்தது.

கண்டெடுத்த பொருளுக்கும் வண்டியில் இடம் வேண்டும். கருவியைக் காப்பவர்கள் பலரும் கவனிக்கத் தவறுவது இதையே. நீர் ஊறிய மரமும் தோலும் சூட்டில் உலர்ந்தால் சுருங்கிப் பிளக்கும். அவற்றை ஈரமாகவே மூடி, குளிர்ச்சியான இடத்தில் கொண்டுபோக வேண்டும். எந்தப் பொருளையும் வண்டியில் வைத்துத் தேய்க்கவோ கழுவவோ கூடாது. இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் கீழ் வரும் பொருளை 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பில் கிடைத்த இடம் முக்கியம். பல குழிகளில் கிடைத்தவை டிக்கியில் ஒன்றாய்க் கலந்துவிட்டால் அந்தத் தகவலை எந்த அருங்காட்சியகத்தாலும் மீட்க முடியாது. ஆகவே ஒவ்வொரு பொருளையும் தனித்தனிப் பையிலிட்டு, ஜிபிஎஸ் காட்டும் இட எண்ணையும் ஆழத்தையும் பையின் மேல் எழுதிய பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும்.