எரியும் பனிக்காடும் பரதேசியும்: சாட்சியம் திரைக்கு வந்தபோது

யூத இனப்படுகொலை பற்றிய புதினங்கள் திரைப்படமாகும்போதெல்லாம் எழும் கேள்வி ஒன்று உண்டு: பிழைத்தவர்களின் சாட்சியம் காட்சியாக மாறுகையில் எது எஞ்சுகிறது, எது உதிர்கிறது? தாமஸ் கெனீலியின் 1982ஆம் ஆண்டுப் புதினத்தை ஸ்பீல்பெர்க் 1993இல் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' எனப் படமாக்கியபோது இக்கேள்வி உலகெங்கும் விவாதிக்கப்பட்டது. தமிழில் இதற்கு நெருக்கமான நேர்வு, பி.எச். டேனியலின் 'ரெட் டீ' புதினமும் பாலாவின் 'பரதேசி' திரைப்படமும் ஆகும்.

இரு வரலாறுகளும் ஒன்றல்ல. நாஜி முகாம்களில் ஓர் இனத்தின் அழிவே நோக்கமாக இருந்தது. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களுக்கோ உழைக்கும் உடல்கள் தேவைப்பட்டன; மலேரியாவிலும் பிற நோய்களிலும் மாண்டவர்களின் இடத்தைப் புதிய ஆள்சேர்ப்பு நிரப்பியது. ஆகவே இங்குக் கொடுமையின் மையம் முன்பணமும் கணக்குப் புத்தகமும்தான்.

தோட்ட மருத்துவராகப் பணியாற்றிய டேனியல், தொழிலாளர்களிடம் கேட்டறிந்தவற்றைக் கொண்டு இப்புதினத்தை ஆங்கிலத்தில் எழுதினார். 1969இல் வெளியான அந்நூல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என 2007இல்தான் தமிழுக்கு வந்தது. தமிழில் பேசப்பட்ட துயரம், ஆங்கிலம் வழியாகச் சுற்றித் தாய்மொழிக்குத் திரும்ப 38 ஆண்டுகள் ஆயின.

2013இல் வெளியான 'பரதேசி' அந்தத் துயரத்தை உடலின் மொழியில் சொல்கிறது. நடைப்பயணத்தில் சாகக் கிடப்பவன் வழியிலேயே கைவிடப்படுகிறான். தப்பியோட முயலும் ராசாவின் குதிகால் நரம்பு அறுக்கப்படுகிறது. கூலிக் கணக்குத் தீர்க்கும் காட்சியில் பிடித்தங்கள் போகக் கடனே மிஞ்சுகிறது. இறுதியில் அங்கம்மா குழந்தையுடன் அதே தோட்டத்திற்கு வந்து சேர்கிறாள். ஆள்சேர்ப்பு ஓயாத சுழற்சி என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

ஆனால் இரண்டு மாற்றங்கள் வரலாற்று மாணவரின் கவனத்திற்குரியவை. புதினத்தில் ஆளெடுப்பவர் மேஸ்திரி. படத்தில் அவர் கங்காணி. பின்னது இலங்கை, மலாயாத் தோட்ட வரலாற்றோடு பெரிதும் பிணைந்த சொல். ஒரு சொல் மாறும்போது ஆனைமலையின் தனித்த வட்டார அடையாளம் மங்குகிறது.

மற்றது இன்னும் ஆழமானது. புதினத்தில் மருத்துவர் ஆபிரகாம் தொழிலாளரின் பக்கம் நிற்பவர். டேனியலின் சொந்தப் பணியின் நிழல் அவர்மேல் படிந்திருக்கிறது. படத்தில் வரும் மருத்துவரோ கொள்ளைநோய்க்கு நடுவே ஆடிப்பாடி மதமாற்றத்தில் முனையும் கேலிச்சித்திரம். மிஷனரி மருத்துவத்தை விமர்சிக்க எந்தக் கலைஞருக்கும் உரிமை உண்டு. எனினும் இந்தக் கதையை நமக்குச் சொன்னவரே ஒரு தோட்ட மருத்துவர். அவருடைய நூலைத் தழுவிய படம் அவரை ஒத்த பாத்திரத்தை நகைப்புக்குரியதாக்கும்போது, சாட்சி சொன்னவரின் நம்பகத்தன்மையும் சேர்ந்தே குலைகிறது.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியையும் குடியிருப்பையும் நிர்வாகத்தின் கடமையாக்கியது. அச்சட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதைப் புதினம் படிப்படியாக விளக்குகிறது; படம் அந்த வலியை உணர வைக்கிறது. படத்தை மட்டும் கண்டவர் கொடுமையை அறிவார், அதை எதிர்த்து நின்ற மனிதர்களை அறியமாட்டார். வகுப்பறையில் 'பரதேசி' திரையிடப்படும் நாளில் 'எரியும் பனிக்காடு' மேசைமீது இருக்க வேண்டியது அதனால்தான்.