இராவணன் கோட்டையில் மோதிய வெள்ளி

ஆடிவேலுக்கு நாவலப்பிட்டியிலிருந்து கதிர்காமம் போய்வந்தவர்களுக்கு இந்த வாரக் கதையின் இடம் புதிதல்ல. திரும்பும் வழியில் திஸ்ஸமகாராமவுக்குத் தெற்கே, கிரிந்தக் கடற்கரையில் வண்டியை நிறுத்தியவர்கள் இருட்டியபின் கடலுக்குள் வெகுதூரத்தில் ஒரு வெளிச்சம் மின்னி மறைவதைப் பார்த்திருப்பார்கள். சிங்களத்தில் அந்த இடம் மஹா ராவணா கோட்டுவ. போர்த்துக்கேயர் திட்டுத்திட்டான பாறைகளைக் குறிக்கும் தங்கள் சொல்லால் அழைத்தார்கள். வெள்ளைக்காரன் அதைத் திரித்துக் 'கிரேட் பாஸஸ்' ஆக்கினான். இராவணனின் நகரம் கடலுக்குள் போனது அங்கேதான் என்பது கதை.

அங்கே வெளிச்சவீட்டு விளக்கு ஏற்றப்பட்ட 1873 மார்ச் 10ஆம் திகதி இரவைப் பற்றி எழுதுவதாகத்தான் சென்ற வாரம் வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டே நாவலப்பிட்டிக்கு ரயில் வந்தது. அதையும் இதையும் சேர்த்துச் சொல்வதாகத் திட்டம். ஆனால் விளக்கு இல்லாத காலத்தில் அந்தப் பாறை என்ன செய்தது என்பதை விட்டுவிட்டு நேரே விளக்குக்குப் போக மனம் வரவில்லை.

பெரிய கப்பல்களுக்கு மன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் நடுவே வழி கிடையாது. மணல்திட்டு தட்டிவிடும். ஆகவே மேற்குக் கரையிலிருந்து கிழக்கே போகும் எந்தக் கப்பலும் இலங்கையின் தெற்கு முனையைச் சுற்றியே ஆகவேண்டும். அப்படிச் சுற்றி வடகிழக்காகத் திரும்பும் இடத்தில், கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் தள்ளிக் கிடக்கிறது இந்தப் பாறைத்தொடர். பெரும்பகுதி நீருக்கு அடியில். கொஞ்சம் மட்டும் அலைக்கு மேலே தலை காட்டும். அலை அமைதியாக இருக்கும் இரவில் வெள்ளை நுரைகூடத் தெரியாது.

1702ஆம் ஆண்டையொட்டி ஒரு மரக்கப்பல் அதில் மோதியது. அதன் பெயர் எந்த ஏட்டிலும் அகப்படவில்லை. அது ஏற்றிவந்த சரக்குதான் அதன் முகவரி. எல்லாம் வெள்ளி ரூபாய்கள். எல்லாம் சூரத்து நாணயச்சாலையில் அடித்தவை. எல்லாவற்றிலும் ஒரே ஹிஜ்ரி ஆண்டு, 1113. கைமாறிக் கைமாறிச் சேர்ந்த பணமென்றால் பத்து ஊர் முத்திரையும் பழைய ஆண்டுகளும் கலந்திருக்கும். இதுவோ அச்சுச் சூடு ஆறுவதற்குள் மூட்டை கட்டிய பணம். அந்தக் காலத்தில் மோக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்த வெள்ளியை வியாபாரிகள் சூரத்து நாணயச்சாலையில் கொடுத்து ரூபாயாக மாற்றுவார்கள். ஒல்லாந்தக் கொம்பனியும் ஆங்கிலக் கொம்பனியும் அப்படியே செய்தன. அந்த ரூபாய்தான் கிழக்கே துணிக்கும் பட்டுக்கும் கொடுக்கும் விலை.

நாணயத்தில் இருந்த பெயர் ஔரங்கசீப். தங்கக் காசைச் சூரியனோடும் வெள்ளிக் காசை முழுநிலவோடும் ஒப்பிட்டுப் பாரசீகத்தில் பொறிக்கச் சொன்ன மன்னர். காசில் இருந்த கலிமாவை எடுத்துவிட்டவரும் அவரே. வேற்று மதத்தார் கையில் புனித வாசகம் படக்கூடாதாம். அந்த வெள்ளி கடைசியில் யார் வாசலில் கிடந்தது? கதிர்காமக் கந்தனுக்குத் தெற்கே, இராவணன் பெயர் கொண்ட பாறையில்.

அதே 1702இல் ஔரங்கசீப் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது இன்னும் ருசியானது. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. தில்லியை விட்டு வந்து இருபது ஆண்டாகியும் தக்காணத்தில் மராட்டியரின் மலைக்கோட்டைகளை ஒவ்வொன்றாக முற்றுகையிட்டுக் கொண்டிருந்தார். அந்த ஆண்டு அவர் மாதக்கணக்கில் சுற்றி வளைத்து நின்றது கேல்னா என்ற விசால்கட். பீரங்கி பிளக்காத கோட்டையைக் கடைசியில் பணம் திறந்தது. பாடப்புத்தகம் அவரைக் கொடுங்கோலர் என்று சொல்லி முடித்துக்கொள்கிறது. மழையில் நனைந்த கூடாரத்துக்குள் இருந்துகொண்டு, காசு கொடுத்துக் கல் வாங்கிய அந்தக் கிழவரைப் பார்த்தால் கோபத்தை விடப் பரிதாபம்தான் வருகிறது. அவர் வெள்ளியால் ஒரு கோட்டை திறந்தது. அவர் பெயர் பொறித்த வெள்ளி இன்னொரு 'கோட்டை'யில் மோதி மூழ்கியது.

கப்பலின் மரத்தைக் கடற்புழு தின்றது. சாக்கு மக்கியது. ரூபாய்கள் மட்டும் மூட்டையின் வடிவிலேயே இறுகிப் பவளம் பூசிக் கிடந்தன. மூட்டைக்கு ஆயிரம் ரூபாய். ரூபாய் ஒன்று பதினொன்றரைக் கிராம் என்றால் மூட்டை பதினொன்றரைக் கிலோ. இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேல் யாரும் தொடவில்லை.

தொட்டவர் மைக் வில்சன்.

இந்த மனிதரைச் சொல்லாமல் விட முடியாது. சொல்லத் தொடங்கினால் நிறுத்தவும் முடியாது. 1934இல் பிறந்த ஆங்கிலேயர். சுழியோடி, படப்பிடிப்பாளர். 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கோடு இலங்கைக்கு வந்தார். வந்த ஆண்டே இருவரும் திருக்கோணமலையில் சுவாமி மலைக்கு அடியில் கடலில் இறங்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களைக் கண்டார்கள். ஆழத்தில் கிடந்த லிங்கத்தை மேலே கொண்டுவந்தவர் மைக் என்றே கோணேசர் அடியார்கள் இன்றும் சொல்கிறார்கள். கிளார்க்கின் பேனாவுக்குக் கிடைத்த புகழில் கால்வாசியாவது மைக்கின் நுரையீரலுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

1961 மார்ச்சில் மைக் பாஸஸ் பாறைக்குப் போனது புதையலைத் தேடி அல்ல, படம் எடுக்க. வெளிச்சவீட்டுக் காவலர்களோடு தங்கியிருந்தார். கூட இரண்டு அமெரிக்கப் பையன்கள், பதின்மூன்று பதினான்கு வயது. நீந்திப் போனபோது கண்ணில் பட்டது சிறிய பித்தளைப் பீரங்கி ஒன்று. பிறகு இன்னொன்று. அதன் அருகே வெள்ளி. கப்பலைக் காப்பாற்றக் கட்டிய விளக்கின் காலடியிலேயே உடைந்த கப்பல் கிடந்திருக்கிறது; அங்கே வேலை பார்த்த எவருக்கும் தெரியாது.

அந்தக் கடல் ஆண்டில் சில வாரங்கள்தான் மனிதரை உள்ளே விடும். இரண்டு பருவக்காற்றுக்கும் இடையே மார்ச், ஏப்ரலில் நீர் கொஞ்சம் அடங்கும். மற்ற நாட்களில் சுழியோடியைப் பாறையில் அறைந்துவிடும். ஆகவே மைக் கரைக்கு வந்து, வாயை மூடிக்கொண்டு, வேறு வேலை பார்த்தார். அந்த வேலைதான் 'ரன்முத்து தூவ'. காமினி பொன்சேகா நடித்து 1962இல் வெளிவந்த முதல் முழுநீள வண்ணச் சிங்களப் படம். கடலடிப் புதையல்தான் கதை. உண்மையான புதையலை மனதுக்குள் மறைத்துக்கொண்டு பொய்ப் புதையலைத் திரையில் காட்டியவர் உலகத்தில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

1963 ஏப்ரலில் 'ரன்முத்து' என்றே பெயரிட்ட மோட்டார் படகில் மீண்டும் போனார்கள். துருக்கிக் கடலில் வெண்கலக்காலக் கப்பலை ஆராய்ந்த பீட்டர் த்ரொக்மார்ட்டனும் வந்து சேர்ந்தார். முன் ஆண்டு நோயில் விழுந்து உடல் முடங்கிய கிளார்க் பெரும்பாலும் மேலேயிருந்து பார்த்தார். கட்டிகட்டியாக வெள்ளி ஏறியது. கிளார்க் அதை 1964இல் புத்தகமாக எழுதினார். நாணயக் கட்டி ஒன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குப் போனது. கொழும்பு நூதனசாலையில் இருக்க வேண்டிய பொருள் அது என்பதில் இந்தத் தொடருக்குச் சந்தேகம் இல்லை.

மைக் அதற்குப் பிறகு இரண்டு படங்கள் எடுத்தார். ஒன்றில் ஜேம்ஸ் பொண்டைக் கேலி செய்து 'ஜேமிஸ் பண்டா' ஆக்கினார். பிறகு, எழுபதுகளில், கமெராவையும் குடும்பத்தையும் விட்டு விலகிக் காவி உடுத்தினார். பெயர் சுவாமி சிவ கல்கி. தேடிப் போனது கதிர்காமக் கந்தனை. தோட்டத்திலிருந்து காவடி தூக்கி வந்த நம்மவர்கள் அந்தத் தாடிக்கார வெள்ளைச் சாமியை மாணிக்க கங்கைக் கரையில் பார்த்து ஒதுங்கி வழிவிட்டிருக்கலாம். அவர் ஔரங்கசீப்பின் வெள்ளியைக் கையால் அள்ளியவர் என்று எவருக்குத் தெரியும்? 1995இல் கொழும்பில் காலமானார்.

ஸ்கொட்லாந்திலிருந்து கப்பலேறி வந்த கருங்கல்லுக்கும், அதைக்கொண்டு வெளிச்சவீட்டை எழுப்பிய டக்ளஸ் சகோதரர்களுக்கும், 1873 மார்ச் 10 இரவுக்கும் இந்த வாரம் பக்கம் போதவில்லை. விளக்கு அடுத்த வாரம் கட்டாயம் எரியும்.