வாசல் தேடி வந்த உணவு: தெருவழி விற்பனையும் தமிழர் இல்லச் சமையலும்

ஆய்வுச் சுருக்கம்

உணவுப்பொருள் வீட்டு வாசலுக்கே வந்து சேரும் முறைக்குத் தமிழில் சங்க காலம் முதலே சான்றுகள் உள்ளன. பால், தயிர், மோர், மீன், உப்பு ஆகியவற்றைக் கொணர்ந்தோரும் அவற்றைப் பெற்றுச் சமைத்த மகளிரும் வாசலில் நிகழ்த்திய கொடுக்கல் வாங்கலை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. முதியோரின் நினைவுகூரலில் ‘அந்தக் காலத்து ருசி’ என எஞ்சியிருப்பது எத்தகைய உறவுகளின்மீது நின்றது என்பதையும், மோர் விற்பனை மறைந்தமைக்கான காரணத்தையும் இது விளக்க முற்படுகிறது.

முதன்மைச் சொற்கள்: ஆய்மகள், மோர், பண்டமாற்று, வாடிக்கை, அடுக்களை, எடுப்புச் சாப்பாடு.

முன்னுரை

பழைய நண்பர்கள் கூடிப் பேசும்போது பேச்சு பெரும்பாலும் உணவில் வந்து நிற்கும். வாசலில் மாட்டைக் கட்டிக் கண்முன்னே கறந்து தந்த பால், தெருமுனையிலேயே கேட்ட மோர்க்காரியின் குரல், கீரைக்கட்டின்மேல் கொசுறாக விழுந்த கறிவேப்பிலை, பாட்டி பிசைந்து கையில் உருட்டிவைத்த பழையசோறு என அந்நினைவுகள் விரியும். இவற்றை வெறும் ஏக்கமாக ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் வணிக வரலாறு பெரும்பாலும் சந்தை, துறைமுகம், வணிகக் குழு ஆகியவற்றைச் சுற்றியே எழுதப்படுவதால், வாசலில் நடந்த வணிகத்தை அறிய நினைவுகளும் இன்றியமையாச் சான்றுகளாகின்றன. அவ்வணிகம் ஆவணம் எதனையும் விட்டுச்செல்லவில்லை. பால் கணக்கு சுவரில் இட்ட கரிக்கோடாக இருந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அக்கோடும் மறைந்தது. எனவே இலக்கியம், கல்வெட்டு, நினைவு ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்து நோக்குவது தேவையாகிறது.

சங்கப் பாடல்களில் வாசல் வணிகம்

சோழன் நலங்கிள்ளியைக் கோவூர்கிழார் பாடிய புறநானூற்று 33ஆம் பாடல், வேட்டுவன் மான் தசையை வட்டியிலும், ஆய்மகள் தயிரைத் தசும்பிலும் கொண்டுவர, உழவர் மனை மகளிர் அக்கலங்கள் நிறைய வெண்ணெல்லை முகந்து தருவதைக் காட்டுகிறது. ஐங்குறுநூற்றின் 47, 48ஆம் பாடல்களில் பாண்மகள் மீனைச் சொரிந்த வட்டியில் மனையோள் பயற்றையும் பழைய நெல்லையும் நிறைக்கிறாள். குறுந்தொகை 221இல் இடையன் பாலொடு வந்து, மந்தையருகே இருப்போர்க்கெனக் கூழ் பெற்றுத் திரும்புகிறான். அகநானூறு 140இல் உமணர் மகள் நெல்லுக்கு ஒத்த அளவில் உப்புத் தருவதாகச் சேரியில் விலை கூறிச் செல்ல, மனையிலுள்ள நாய் குரைக்கிறது.

இச்சான்றுகளிலிருந்து மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, பொருளே வீட்டைத் தேடி வருகிறது. இரண்டாவது, புறநானூற்றிலும் ஐங்குறுநூற்றிலும் பொருளைப் பெறுபவரும் அதற்கு ஈடு அளப்பவரும் மனை மகளிரே. மூன்றாவது, ஈடாகத் தரப்படுவது தானியமோ சமைத்த கூழோ ஆகும். இரண்டும் அடுக்களையின் ஆளுகைக்கு உட்பட்டவை. கொணர்பவள் பெண், கொள்பவள் பெண், ஈட்டை அளக்கும் கையும் பெண்ணுடையது என்பதால், தானியக் குதிர் மகளிரின் பொறுப்பில் இருந்தவரை வாசல் வணிகம் பெரிதும் மகளிர் வணிகமாக இயங்கியது எனக் கருதலாம்.

மோரும் நெய்யும்: இரு சுழற்சிகள்

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை ஆய்மகளின் நாளை இன்னும் நுணுக்கமாக விவரிக்கிறது. புள்ளினம் எழும் விடியலில் அவள் தயிர் கடைகிறாள். மோர்க்குடத்தைச் சுமட்டின்மேல் ஏற்றிச் சென்று விற்கிறாள். மோருக்குக் கிடைத்த உணவால் தன் சுற்றத்தை உண்பிக்கிறாள். நெய்யின் விலைக்கோ அவள் பொன்னை ஏற்பதில்லை. எருமையையும் பசுவையும் நாகினையும் பெறுகிறாள். தலைச்சுமைக்கு அணையாக வைக்கும் அந்தச் ‘சுமடு’, இன்றைய பேச்சுவழக்கில் ‘சும்மாடு’ எனத் தொடர்கிறது.

இங்கு இருவேறு சுழற்சிகள் உள்ளன. நாள்பட வைத்திருக்க இயலாத மோர் அன்றாட உணவாக மாறுகிறது. நாள்பட நிற்கும் நெய் மந்தையாக, அதாவது முதலாக மாறுகிறது. மோர் நெய்யின் உடன்விளைவு என்பதால் அது மலிவாகக் கிடைத்தது. மலிவாகக் கிடைத்ததால் எல்லா வீட்டு வாசலுக்கும் சென்றது.

சோழர் காலக் கல்வெட்டுகள் இவற்றுள் நெய்ச் சுழற்சியை மட்டும் பதிவுசெய்துள்ளன. கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிக்கப் பெரும்பாலும் 96 ஆடுகள் ‘சாவா மூவாப் பேராடு’களாக அளிக்கப்பட்டன; அவற்றை ஏற்ற மன்றாடிகள் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டனர். அந்த உழக்கு நெய்யைக் கடைந்தெடுத்தபின் எஞ்சிய மோர் எங்கே சென்றது என்பதைக் கல்வெட்டு கூறுவதில்லை. கூற வேண்டிய தேவையும் அதற்கில்லை. கோயிலுக்குச் சென்ற நெய் கல்லில் நிலைத்தது. வீட்டுக்குச் சென்ற மோர் நாக்கின் நினைவில் மட்டுமே தங்கியது.

மாதரி தந்த பொருளும் கண்ணகி ஆக்கிய உணவும்

வாசலுக்கு வந்த பொருளுக்கும் இல்லச் சமையலுக்கும் இடையிலான எல்லையைச் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை தெளிவுறுத்துகிறது. மோர் விற்று வாழும் ஆய்ச்சியர் குலத்தவளான மாதரி, அடைக்கலமாக வந்த கண்ணகிக்குச் சமைத்த உணவைத் தருவதில்லை. கோவலன் சாவக நோன்பி ஆதலால், பகற்பொழுதில் உண்பதற்கேற்ற உணவைக் கண்ணகியே ஆக்கிக்கொள்ளுமாறு, கலங்களையும் காய்கனிகளையும் சாலி அரிசியையும் பால்படு பொருள்களையும் அளிக்கச் செய்கிறாள். துணைக்கு மகள் ஐயையையும் வைக்கிறாள். காய் அரிந்த விரல் சிவக்க, முகம் வியர்க்க, கண் சிவக்கக் கண்ணகி சமைத்து, வாழைக் குருத்தை விரித்துக் கணவனுக்குப் படைக்கிறாள். அதுவே அவள் அவனுக்கு இட்ட இறுதி உணவாயிற்று.

பொருள் அயலாரிடமிருந்து வரலாம். சமைக்கும் கை தன் வீட்டாரதாக இருக்க வேண்டும் என்னும் நெறி இங்குச் சமய நோன்பின் வழி நிற்கிறது. பிற்காலத்தில் அதே நெறி சாதி ஒழுக்கமாக இறுகியது.

நினைவுகள் சொல்வதும் சொல்லாததும்

இருபதாம் நூற்றாண்டு நினைவுகளில் ‘வாடிக்கை’ என்னும் சொல் முதன்மை பெறுகிறது. கண்முன்னே கறப்பதே பாலின் தூய்மைக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. கன்றை இழந்த மாட்டுக்கு முன் வைக்கோல் அடைத்த தோற்கன்றை நிறுத்திக் கறந்ததும் உண்டு. அளவைகள் ஆழாக்கு, உழக்கு, படி என வழங்கின. எட்டு ஆழாக்கு கொண்டது ஒரு படி. கல்வெட்டின் உழக்கு, பெயரளவில், பால்காரரின் கையில் இருபதாம் நூற்றாண்டு வரை வாழ்ந்தது.

இல்லச் சமையலும் இவ்வரவைச் சார்ந்தே அமைந்தது. அன்று வந்த கீரையே அன்றைய கூட்டு. மிஞ்சிய மோர் மோர்க்குழம்பாகவும், மோர்மிளகாய்க்கு ஊறும் நீராகவும் பயன்பட்டது. ஆக, சமையலறிவு என்பது வாசலில் வருவதைக் கொண்டு திட்டமிடும் அறிவாகவும் இருந்தது.

எனினும், நினைவுகூரலில் விடுபடும் பகுதி உண்டு. விற்பவர் பலரும் வாசற்படியைத் தாண்ட இயலவில்லை. மோர் மேலிருந்து ஊற்றப்பட்டது. பாத்திரங்கள் ஒன்றையொன்று தொடக்கூடாது என்பது பல வீடுகளில் விதியாக இருந்தது. சமைக்காத பொருளை ஏற்ற வீடு, அதே கையால் சமைத்ததை ஏற்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் அக்கிரகாரம் போன்ற தெருக்களில் நுழையவும் தடை இருந்தது. ஆகவே ‘எல்லாம் வாசலுக்கு வந்த காலம்’ என்பது சிலருக்கு வாசலோடு நிறுத்தப்பட்ட காலமுமாகும். கூடையின் சுமையும் விற்காத மோரின் இழப்பும் வாங்கியவர் நினைவில் இடம்பெறுவதில்லை. அவை விற்றவர் குடும்பத்தின் நினைவுக்கு உரியவை. இரு தரப்பு நினைவையும் சேர்த்துக் கேட்காத ஆய்வு, வாசலின் ஒரு பக்கத்தை மட்டுமே எழுதியதாகும்.

மாற்றத்தின் காரணங்கள்

மோர்க்காரி மறைந்ததற்கு நகரமயமாதலை மட்டும் காரணமாகக் கூறுவது போதாது. பழைய அமைப்பில் ஊர்ப்புறத்துப் பாலைத் தொலைவுக்கு அனுப்ப வழியில்லை. கெடாத வடிவம் நெய்யே. குளிரூட்டலும் கொதிபதப்படுத்தலும் பரவியபின் பாலையே நேரடியாக விற்க முடிந்தது. தமிழகத்தில் 1958இல் பால்வளத்துறையும், 1972இல் பால்வள வளர்ச்சிக் கழகமும், 1981இல் ஆவின் எனப் பரவலாக அறியப்படும் கூட்டுறவு இணையமும் உருவாயின. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்தின் முதற்கட்டம் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களை ஊர்ப்புறப் பாலுடன் இணைத்தது. ஊரிலேயே கடையப்பட்ட பால் சங்கத்துக்குச் சென்றது. மத்து ஓய்ந்த வீட்டில் விற்பதற்கு மோரும் இல்லை. உற்பத்தியாளருக்குச் சீரான வருவாய் கிடைத்தது. தெருவில் மலிவாகக் கிடைத்த மோர் அருகியது.

சட்டமும் தன் பங்கை ஆற்றியது. 1918ஆம் ஆண்டின் சென்னை மாகாணக் கலப்படத் தடைச் சட்டமும் 1954ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டமும் தூய்மைக்கான சான்றைக் கண்ணிலிருந்து ஆய்வகத்துக்கு மாற்றின. 1956ஆம் ஆண்டின் நிறுத்தல் முகத்தல் அளவைச் சட்டத்தின் வழி லிட்டர் வந்தது. உழக்கு வணிகத்திலிருந்து விலகியது. பால் அட்டையுடன் சாவடியில் வரிசையில் நின்றபோது, பொருள் வீட்டைத் தேடிய முறை தலைகீழாகி, வீடு பொருளைத் தேடிச் சென்றது. தானியத்தின் இடத்தைப் பணம் பிடித்தபோது, ஈட்டை அளக்கும் உரிமையும் மனையோளின் கையிலிருந்து சம்பளம் ஈட்டுவோர் கைக்குப் பெரிதும் நகர்ந்தது.

சமையலறிவும் இடம் மாறியது. 1951இல் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’, மாமியாரிடமும் தாயிடமும் அருகிருந்து கற்ற அறிவு அச்சுக்குச் சென்றதைக் காட்டும் நூலாகும். பிரிந்து வாழும் குடும்பங்களுக்கு அளவுகளுடன் கூடிய குறிப்பு தேவைப்பட்டது.

எடுப்புச் சாப்பாட்டிலிருந்து இன்றுவரை

சமைத்த உணவு வீடு வருவதும் முற்றிலும் புதிதன்று. தனித்து வாழ்ந்த மாணவர்க்கும் அலுவலர்க்கும் உணவு விடுதிகளிலிருந்து அடுக்குப் பாத்திரத்தில் வந்த ‘எடுப்புச் சாப்பாடு’ இதன் முன்வடிவம். மும்பையின் டப்பாவாலாக்கள் இதற்கு எதிர்த்திசையில், வீட்டில் ஆக்கியதை அலுவலகத்துக்குக் கொண்டு சேர்ப்பவர்கள். இன்றைய செயலிவழி விநியோகம் எடுப்புச் சாப்பாட்டின் விரிவே. ஆனால் வாடிக்கை என்னும் நெடுநாள் உறவு அதில் இல்லை; நாள்தோறும் வரும் முகம் மாறுகிறது. வாசற்படியோடு நின்று திரும்பும் நிலை மட்டும் மாறவில்லை.

முடிவுரை

தமிழகத்தில் வாசலுக்கு உணவு வருவது தொன்மையான வழக்கம். வந்தது நெடுங்காலம் பெரும்பாலும் சமைக்காத பொருளே. சமையல் இல்லத்தின் உரிமையாகவும் சுமையாகவும் இருந்தது. மோரின் மறைவு சுவைமாற்றத்தால் நேர்ந்ததன்று. பால் நெய்யாகாமல் பாலாகவே விலைபோனதால் நேர்ந்தது. நண்பர்களின் நினைவுகூரல் இவ்வரலாற்றுக்கு நல்வாயில். அவ்வாயிலின் உள்ளே நின்று மோர் வாங்கியவர்களோடு, வெளியே கூடையுடன் நின்றவர்களின் நினைவுகளையும் அத்தலைமுறை மறைவதற்குள் தொகுப்பது தமிழாய்வின் உடனடிக் கடமையாகும்.