எட்டு கிராம் செலினியமும் பின்லாந்தின் உழுமண்ணும்

பின்லாந்தின் வேளாண் மண்ணில் கிலோவுக்குச் சுமார் 0.2 மில்லிகிராம் செலினியம் இயல்பாகவே உண்டு. 20 செ.மீ. ஆழமுள்ள உழுமண் ஹெக்டேருக்கு 25 லட்சம் கிலோ என்று கணக்கிட்டால், ஒரு ஹெக்டேரில் 500 கிராம் செலினியம் கிடக்கிறது. ஆனாலும் 1970களில் அங்கு விளைந்த தானியத்தில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்கூடத் தேறவில்லை. கன்றுகளையும் ஆடுகளையும் செலினியக் குறைவால் வரும் வெண்தசை நோய் வாட்டியது. மனிதருக்கு உணவின் வழியே நாளொன்றுக்கு 25 மைக்ரோகிராம் அளவே கிடைத்தது. 1984 இலையுதிர்காலத்தில் அந்நாடு கலப்பு உரங்களில் சோடியம் செலினேட் சேர்க்கத் தொடங்கியது: தானிய உரத்தில் கிலோவுக்கு 16 மில்லிகிராம், புல்வெளி உரத்தில் 6. ஹெக்டேருக்கு 500 கிலோ தானிய உரம் இட்டால் நிலத்தில் சேருவது வெறும் 8 கிராம். 500 கிராமால் ஆகாததை அந்த 8 கிராம் செய்தது. வசந்தகாலக் கோதுமையில் செலினியம் இருபது மடங்குக்கு மேல் ஏறியது. இட்ட செலினியத்தை மண் இழந்துவிடுவதில்லை, பயிருக்கு எட்டாதபடி பூட்டிவைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். பின்லாந்தின் உரக் கொள்கை அடுத்தடுத்துக் கண்ட மாற்றங்களே இதற்கு வலுவான சான்று.

பூட்டு எப்படி விழுகிறது? செலினேட் சல்பேட்டைப் போன்றது. மண் துகள்கள் அதை இறுகப் பற்றுவதில்லை; வேரும் சல்பேட்டை உறிஞ்சும் வழியிலேயே அதை உள்ளிழுத்துக்கொள்கிறது. ஆனால் ஈரமும் மட்கும் நிறைந்த மண்ணில் நுண்ணுயிர்கள் அதைச் செலினைட்டாக ஒடுக்கிவிடுகின்றன. செலினைட்டின் நடத்தை நம் உழவர்கள் அறிந்த மணிச்சத்தைப் போன்றது: இரும்பு, அலுமினிய ஹைட்ராக்சைடுகளின் பரப்பில் வேதிப்பிணைப்போடு ஒட்டிக்கொள்ளும், அமிலத்தன்மை கூடக் கூடப் பிடி இறுகும். மீதி மட்கோடு கலந்து கரிமப் பொருளின் அங்கமாகிவிடுகிறது. பின்லாந்தின் அமில மண் இதற்கென்றே அமைந்தது போன்றது. காரத்தன்மையுள்ள பஞ்சாப் மண்ணில் கதை வேறு. செலினேட் அங்கு செலினேட்டாகவே நீடிப்பதால்தான் நவான்ஷஹர், ஹோஷியார்பூர் பகுதிகளில் பயிரும் கால்நடையும் மிகைச் செலினியத்தால் பாதிக்கப்படுகின்றன. ஆகவே இங்கு சொல்வதை எல்லா மண்ணுக்கும் விரிக்க முடியாது.

1980களின் முடிவில் மக்கள் உட்கொள்ளும் அளவு நாளுக்கு 110 மைக்ரோகிராமைத் தாண்டியது. எதிர்பார்த்ததைவிட இது அதிகம். 16 மில்லிகிராம் அளவு 1990இல் கைவிடப்பட்டு, எல்லா உரங்களுக்கும் 6 என்றானது. இது திட்டமிடாமல் நடந்த ஒரு பெரும் வயல் சோதனை. ஐந்தாறு ஆண்டுகள் இட்டது மண்ணில் பயிருக்கு உதவும் நிலையில் சேர்ந்திருந்தால், தானியத்தின் செலினியம் மெல்ல இறங்கியிருக்க வேண்டும். அது உடனே பாதிக்கும் மேல் சரிந்தது. குளிர்கால ரையும் இதையே சொல்கிறது: இலையுதிர்காலத்தில் விதைப்போடு உரம் பெறும் அப்பயிரில் செலினியம், வசந்தகாலப் பயிர்களைவிட மிகக் குறைவாகவே உயர்ந்தது. கதிர் வரும் முன்பே இட்ட செலினேட்டை மண் பூட்டிவிடுகிறது.

இட்டது அடித்துச் செல்லப்பட்டிருக்கலாமே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, செலினேட் நீரில் எளிதில் நகரும், இலையுதிர்கால மழையில் ஒரு பங்கு கீழிறங்குவதை மறுக்க முடியாது. சிறு பங்கு ஆவியாகும் சேர்மமாகக் காற்றிலும் கலக்கும். ஆனால் நீர்நிலைகளைக் கண்காணித்ததில் கவலைக்குரிய ஏற்றம் தென்படவில்லை. கணக்கும் இழப்பை முதன்மைக் காரணமாக்க இடம் தரவில்லை. ஹெக்டேருக்கு 4 டன் மகசூல், கிலோவுக்கு 0.25 மில்லிகிராம் செலினியம் என்றால் தானியம் கொண்டுபோவது 1 கிராம், அதாவது இட்ட எட்டில் ஒன்று. எஞ்சியதைத் தேடி மண்ணை முதலில் மென்மையான உப்புக் கரைசலிலும், பிறகு பாஸ்பேட்டிலும் காரத்திலும் அடுத்தடுத்துக் குலுக்கிப் பார்த்தால், முதல் கரைசலில் வருவது அற்பம். பெரும்பகுதி பாஸ்பேட் பெயர்த்தெடுப்பதிலும் மட்கிலும் இருக்கிறது.

இப்படிச் சேர்ந்துகொண்டே போனால் ஒருநாள் நஞ்சாகாதா என்பது இன்னொரு அச்சம். ஆண்டுக்கு 8 கிராம் முழுதும் தங்கினாலும், ஏற்கெனவே உள்ள 500 கிராம் இரட்டிப்பாக அறுபது ஆண்டுக்கு மேல் ஆகும். இரட்டித்தாலும் பஞ்சாபின் நச்சு நிலங்களின் அளவை அது எட்டாது. அளவுக்கு மீறிச் சுண்ணாம்பிட்டு மண்ணின் அமிலத்தன்மையைக் குறைத்தால் மட்டுமே இக்கணக்கை மீண்டும் போட வேண்டியிருக்கும். உரத்தின் செலினியம் 1998இல் 10 மில்லிகிராமாகவும் 2007இல் 15 ஆகவும் உயர்த்தப்பட்டது. ஹெக்டேருக்கு இடும் உரம் குறைந்ததும் இதற்கு ஒரு காரணம். இத்தனை ஆண்டுகள் உழவர்கள் இட்ட இருப்பு பயிருக்குக் கைகொடுத்திருந்தால், அந்தக் குறைவை ஈடுகட்ட அளவை உயர்த்த வேண்டிய தேவை வந்திருக்காது.