செம்மரமும் ஒரு துண்டுக் காகிதமும்

விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து பிரியும் ரயில் பாதைகளில் ஒன்று திருவண்ணாமலை, வேலூர், காட்பாடி வழியாக ஆந்திராவின் பாகாலாவுக்குப் போகிறது. வெள்ளைக்காரன் காலத்தில் தென்னிந்திய ரயில்வே கம்பெனி போட்ட பழைய மீட்டர்கேஜ் பாதை அது. பாகாலா 2022 வரை சித்தூர் மாவட்டத்து ஊராக இருந்தது. அங்கிருந்து வடக்கே சேஷாசலம் மலை, அதைத் தாண்டிக் கடப்பா. செம்மரம் இயற்கையாக வளர்வது உலகத்திலேயே இந்தக் கிழக்குத் தொடர்ச்சி மலைத் துண்டிலும் அதை ஒட்டிய கொஞ்சம் இடத்திலும்தான். வைரம் பாய்ந்த செம்மரத் துண்டைத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும், அவ்வளவு கனம்.

நம் வீடுகளில் இந்த மரம் மரப்பாச்சியாக வந்து சேர்ந்தது. நவராத்திரிக் கொலுவில் ஜோடியாக நிற்கும் அதே ராஜா ராணி பொம்மைகள். குழந்தை வாயில் வைத்துக் கடித்தாலும் கெடுதல் இல்லை என்று பாட்டிமார்கள் தைரியமாகக் கொடுத்தார்கள். ஐரோப்பியக் கம்பெனிகளுக்கோ இது சாயக்கட்டை. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி லண்டன் வரை போய், துணிக்குச் சிவப்பு ஏற்றியது. கனமான மரம் என்பதால் கப்பல் ஆடாமல் இருக்க அடிப்பாரமாகவும் ஏற்றிக்கொண்டார்கள். சரக்குக்குச் சரக்கு, பாரத்துக்குப் பாரம்! எந்தக் காட்டில் வெட்டியது, யார் வெட்டியது, மிச்சம் எத்தனை மரம் நிற்கிறது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

முதலில் கேட்டது அரசாங்கம். 1856ல் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக ஹியூ கிளெகார்ன் பதவியேற்றார். 1882ல் சென்னை வனச் சட்டம் வந்தது. அதன்பிறகு மரம் நகர வேண்டுமானால் கூடவே ஒரு சீட்டும் நகர வேண்டும். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சீட்டு கேட்ட கேள்வி 'இந்த மரம் யாருடையது, சர்க்காருக்குச் சேர வேண்டிய பணம் கட்டியாகிவிட்டதா' என்பதுதான். காடு திரும்ப முளைக்குமா என்ற கேள்வி அதில் கிடையாது. சட்டப்படி வெட்டியது வேறு, காடு தாங்கும் அளவுக்கு வெட்டியது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது இன்றுவரை நடக்கிறது.

இரண்டாவது கேள்வி பலமாக எழுந்தது 1980களில். பிரேசில், இந்தோனேசியா, மலேசியக் காடுகள் அழிவதைப் பார்த்து ஐரோப்பாவில் வெப்பமண்டல மரத்தையே வாங்காதே என்று இயக்கங்கள் கிளம்பின. 1986ல் ஜப்பானின் யோகஹாமாவில் சர்வதேச வெப்பமண்டல மர அமைப்பு செயல்படத் தொடங்கியது. ஏற்றுமதியாகும் வெப்பமண்டல மரம் எல்லாம் 2000க்குள் முறையாகப் பராமரிக்கப்படும் காடுகளிலிருந்தே வர வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். அந்த வருடம் வந்தது, போனது, இலக்கு எட்டவில்லை. 1992ல் ஆஸ்திரியா ஒரு வேலை செய்தது. வெப்பமண்டல மரத்துக்கு மட்டும் கட்டாய லேபிள் ஒட்ட வேண்டும் என்று சட்டம் போட்டது. மலேசியாவும் இந்தோனேசியாவும் 'எங்கள் மரத்துக்கு மட்டும் ஏன்? உங்கள் ஊர் பைன் மரத்துக்கு லேபிள் வேண்டாமா?' என்று கேட்டு, உலக வர்த்தக விதிகளைக் காட்டிச் சண்டை போட, அடுத்த வருடமே ஆஸ்திரியா பின்வாங்கியது. அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது என்றே சொல்ல வேண்டும். அதே 1993ல் எந்த அரசாங்கத்தையும் சாராமல் வன மேற்பார்வைக் கவுன்சில் (எப்.எஸ்.சி.) டொராண்டோவில் பிறந்தது. இன்று நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில்கூட அதன் சின்னத்தைப் பார்க்கலாம், ஒரு டிக் அடையாளமும் மரமும்.

செம்மரத்துக்கு வந்தது வேறு வழி. சைட்டீஸ் எனப்படும் அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய உடன்படிக்கை 1973ல் கையெழுத்தானது. இந்தியா 1976ல் சேர்ந்தது. அதன் இரண்டாம் பட்டியலில் செம்மரம் 1995ல் ஏறியது. இரண்டாம் பட்டியல் என்றால் வணிகத்துக்கு முழுத்தடை கிடையாது. ஆனால் ஏற்றுமதிக்கு முன் இரண்டு விஷயங்களை நாடு சான்றளிக்க வேண்டும். ஒன்று, சரக்கு சட்டப்படி கிடைத்தது. இரண்டு, இந்த ஏற்றுமதியால் காட்டில் மிச்சம் நிற்கும் இனத்துக்குக் கேடு வராது. நூறு வருடமாகப் பிரிந்து கிடந்த இரண்டு கேள்விகளும் ஒரே காகிதத்தில் சேர்ந்தன. 2004ல் இந்தியாவின் செம்மர வணிகமே சைட்டீஸின் சிறப்புப் பரிசீலனைக்குள் போனது. வெளியே வர 2023 நவம்பர் ஆனது, கிட்டத்தட்ட இருபது வருடம்.

காகிதம் இறுகியதும் வெளிநாட்டுத் தேவை குறைந்துவிடவில்லை. சீனாவில் செம்மர நாற்காலிகள் அந்தஸ்தின் அடையாளம். ஜப்பானில் ஷாமிசென் என்னும் தந்தி வாத்தியத்தின் தண்டுக்கு இந்த மரம்தான் உசத்தி. விலை ஏறியது, கடத்தல் பெருகியது. சென்னைத் துறைமுகத்தில் வேறு ஏதோ சரக்கின் பெயர் எழுதிய கண்டெய்னர்களுக்குள் செம்மரம் பிடிபட்ட செய்தி பேப்பரில் வாடிக்கையானது.

வெட்டப் போனவர்கள் யார்? ஜவ்வாது மலை, கல்வராயன் மலைப் பழங்குடி மக்கள் பலர். கல்வராயன் மலையின் ஒரு பகுதி 2019ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகும்வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. மழை பொய்த்தால் வேலை இல்லாத ஊர்கள். கோடாலி பிடிக்கத் தெரிந்த கை, மலை ஏறத் தெரிந்த கால், மேஸ்திரி கொடுக்கும் அட்வான்ஸ். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப்படை சுட்டதில் 20 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டத்துக்காரர்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். பிடித்து வைத்துச் சுட்டார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள்.

இங்கேதான் சான்றிதழின் விசித்திரம் இருக்கிறது. பிடிபட்ட மரம் அரசாங்கக் கிடங்குக்குப் போகும். அங்கிருந்து ஏலம். ஆந்திர அரசு 2014ல் உலக அளவில் ஆன்லைன் ஏலமே நடத்தியது. ஏலம் எடுத்தவருக்கு முறையான ஆவணங்களோடு மரம் கப்பலேறும். திருட்டு மரம்தான், ஆனால் அரசாங்கக் கிடங்கு வழியாக வந்ததால் சட்டப்படியான மரம்! கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் எல்லாமே சரியாக டேலி ஆகும். வெட்டியவன் பெயர் எந்தப் பத்தியிலும் வராது.

இன்னொரு பக்கம் பட்டா நிலத்து விவசாயி. திண்டிவனம், மரக்காணம் பக்கம் சவுக்கு போடுகிறவர்களுக்கு மரம் விற்பது புதிதல்ல. நாலைந்து வருடத்தில் வெட்டு, லாரி, காசு. அதே நம்பிக்கையில் நர்சரிக்காரர் பேச்சைக் கேட்டுச் செம்மரம் நட்டவர்கள் தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் உண்டு. 'ஏக்கருக்குக் கோடி' என்பார்கள். வைரம் பாய இருபது வருடத்துக்கு மேல் ஆகும் என்பதையோ, சொந்த நிலத்து மரமானாலும் வெட்ட, கொண்டுபோக, ஏற்றுமதி செய்ய ஒவ்வொன்றுக்கும் அனுமதி வேண்டும் என்பதையோ சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். தோட்டத்துக் கட்டையையும் காட்டுக் கட்டையையும் பக்கத்தில் வைத்தால் பார்வையில் வித்தியாசம் சொல்ல முடியாது. அதனால்தான் இவ்வளவு கெடுபிடி. 2019ல் மத்திய அரசு, தனியார் நிலத்தில் வளர்த்த செம்மரத்தை உரிய உரிமத்தோடு ஏற்றுமதி செய்ய விதியைத் தளர்த்தியது. 2025ல் சென்னையில் தலைமையகம் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையம் திருவள்ளூர் மாவட்டத்துச் செம்மர விவசாயிகள் 18 பேருக்கு 55 லட்சம் ரூபாய் பங்குத்தொகை கொடுத்தது.

சின்ன கைவினைஞர்களுக்கு இந்தக் காகிதம் என்ன செலவு வைக்கும் என்பதற்கு வடநாட்டு ஷீஷம் மரம் உதாரணம். 2017 ஜனவரியில் அது சைட்டீஸ் பட்டியலுக்குள் வந்ததும், சகாரன்பூர் மாதிரி ஊர்களின் மரச்சாமான் ஏற்றுமதி தடுமாறியது. கைவினைப்பொருள் ஏற்றுமதிக் கவுன்சில் நடத்தும் 'விருக்ஷ்' சான்றிதழ்தான் தாங்கிப் பிடித்தது. 2022ல் பனாமா மாநாட்டில் ஒரு பொருளில் 10 கிலோவுக்குக் குறைவாக மரம் இருந்தால் சைட்டீஸ் பர்மிட் வேண்டாம் என்று முடிவானது. 2021ல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் இந்தச் சிக்கலில் பெரிதாக மாட்டவில்லை. வாகை மாதிரி உள்ளூர் மரங்களில் செதுக்குவது ஒரு காரணம். ஆனாலும் 2013ல் ஐரோப்பிய யூனியனின் மரச் சட்டம் அமலுக்கு வந்தபிறகு, மரம் எங்கிருந்து வந்தது என்று அங்கே இறக்குமதி செய்பவர் கேட்டே ஆக வேண்டியதாயிற்று. 2023 டிசம்பரில் இந்திய அரசே 'இந்திய வன மற்றும் மரச் சான்றளிப்புத் திட்டம்' ஒன்றை அறிவித்தது.

செம்மரக் கன்று நட்டவர் இப்போதைக்குச் செய்யக்கூடியது, வி.ஏ.ஓ.விடம் போய் எந்த சர்வே நம்பரில் எத்தனை மரம் என்று அடங்கலில் ஏற்றிவைப்பது. இருபது வருடம் கழித்து வனத்துறை கேட்கும் முதல் காகிதங்களில் அதுவும் ஒன்றாக இருக்கும்.