யோபுவின் கதையைச் சொன்ன கைதி

தேவசகாயம் பிள்ளையைப் பற்றி எழுதுறவங்க பெரும்பாலும் 1752-இல் அவர் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டதைத்தான் விரிவாக எழுதுவார்கள். எனக்கு அதற்குப் பல வருஷம் முந்தைய ஒரு பேச்சுதான் முக்கியமாகப் படுகிறது.

நட்டாலத்துக்காரர் நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். மாடு சாகுது, பயிர் பொய்க்குது, மனுஷன் இடிஞ்சு போயிருக்கார். அப்போது அவருக்கு விவிலியத்திலிருந்து யோபுவின் கதையைச் சொன்னவர் டி லனாய். 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுப் படைக்காரர்! தோற்று, கைதியாகி, பிடித்தவருடைய படைக்கே பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர். எல்லாம் போனபிறகும் கடவுளை விடாதவனின் கதையை அவர் வாயால் கேட்டால் எடுபடாமலா போகும்?

1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். லாசர் என்பதன் தமிழ்தான் தேவசகாயம்.

யோபுவுக்காவது இழந்தது இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. இவருக்குக் கிடைத்தது 1749-இல் கைது, விலங்கு, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அவமானம். மூன்று வருஷம் அசையவே இல்லை. ரோம் அவரைப் புனிதராக அறிவித்தது 2022-இல்.

டி லனாய்? அதே அரசின் படைத்தளபதியாக 1777-இல் இறந்தார். உதயகிரி கோட்டையில் கல்லறை இருக்கு. கல்லில் லத்தீனோடு தமிழும்.