வழிப்போக்கர் சொற்களில் வாழும் வரலாறு

நெதர்லாந்துக்குப் பயணம் புறப்படுவோர் கையில் கொள்ளும் டச்சுச் சொற்பட்டியலில் தெரு, கடை, அலுவலகம், பயணச்சீட்டு, கழிப்பறை ஆகியவற்றுக்குரிய சொற்கள் தவறாமல் இடம்பெறும். அவற்றுட் பல நமக்கு முன்பே அறிமுகமானவை என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இத்தகைய பட்டியல்களின் வரலாறு நம் வட்டாரத்தோடு தொடர்புடையது. ஆச்சேயில் 1599 முதல் 1601 வரை சிறைப்பட்டிருந்த பிரெடெரிக் டி ஹவுட்மன் என்னும் டச்சுக்காரர் அங்கு மலாய் பயின்றார். அவர் தொகுத்த உரையாடல்களும் சொற்களும் 1603இல் ஆம்ஸ்டர்டாமில் நூலாக வெளிவந்தன. கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றிய மறு ஆண்டே வணிகருக்கு மலாய் கற்பிக்கும் கைந்நூல் ஆயத்தமாயிற்று என்பது கருதத்தக்கது.

1641இல் மலாக்கா டச்சுக்காரர் வசமானது. இடையில் ஆங்கிலேயர் கைக்கு மாறி மீண்ட அந்நகரம், 1825இல் முற்றாக டச்சுக்காரரிடமிருந்து நீங்கியது. அங்குள்ள செந்நிற ‘ஸ்டாட்ஹொய்ஸ்’ கட்டடத்தின் பெயருக்கு நகர மன்றம் என்பது பொருள். ‘ஹொய்ஸ்’ என்றால் வீடு. ஹீரன் தெருவின் பெயரிலுள்ள ‘ஹேரென்’ கனவான்களைக் குறிக்கும். இன்று ஆம்ஸ்டர்டாமில் அதே சொல்லை ஆண்கள் கழிப்பறைக் கதவில் காணலாம்.

கடையைக் குறிக்கும் ‘விங்கெல்’ மலாயில் ‘பெங்கெல்’ ஆகி, வண்டி பழுதுபார்க்கும் பட்டறையைச் சுட்டுகிறது. பயணச்சீட்டுகள் எனப் பன்மைப்பொருள் தரும் ‘கார்ட்யெஸ்’ இந்தோனேசியத்தில் ‘கார்ச்சிஸ்’ என ஒருமையாயிற்று. கடன்பெறும் மொழி, தந்த மொழியின் இலக்கணத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை.

தமிழும் இவ்வாறே பெற்றது. 1610இல் பழவேற்காட்டில் காலூன்றிய டச்சுக்காரர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். ‘டொய்ட்’ என்னும் செப்புக்காசு நமக்குத் துட்டு ஆயிற்று. மலாயில் அதுவே பணத்தைக் குறிக்கும் ‘டூயிட்’. அலுவலகத்தைக் குறிக்கும் ‘கான்தோர்’ ஈழத்தமிழில் கந்தோர் ஆயிற்று. மெல்லினத்தை அடுத்த தகரம் தமிழின் இயல்புப்படி மென்மையாக ஒலிக்கிறது. இந்தோனேசியமோ ‘கான்தோர்’ என வல்லொலியைக் காத்துள்ளது. கக்கூசு என்பதும் டச்சு வழி வந்ததே. அதன் ஈற்றிலுள்ள ‘கூசு’, மலாக்காக் கட்டடப் பெயரிலுள்ள அதே ‘ஹொய்ஸ்’. ஆயினும் அம்மூலச்சொல் இன்றைய டச்சில் கொச்சையானது. பயணி ‘டுவாலெட்’ எங்கே என்று கேட்பதே நாகரிகம்.

காசு, அலுவலகம், கழிப்பறை: டச்சு ஆட்சி மக்களின் அன்றாட வாழ்வைத் தொட்ட இடங்களை இச்சொற்களே காட்டுகின்றன. டச்சுக் கவிஞர் எவரையும் அறியாத உழவரும் துட்டை எண்ணினார். கந்தோர் வாயிலில் காத்து நின்றார்.

மாணவர் அலுவலகம் என்று எழுதுவதே முறை. எனினும், முதியோர் வாய்மொழியில் எஞ்சி நிற்கும் கந்தோரைப் பிழையென அடித்துவிடுமுன், அது வந்த வழியை வகுப்பறையில் ஒருமுறை விளக்குதல் ஆசிரியர் கடன். அச்சொல் மறையுமாயின், எளியோர் வாழ்வு பற்றிய சான்று ஒன்றையும் நாம் உடன் இழப்போம்.